பதினைந்து நிமிடமும் ஒரு கேள்வியும்

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டுத் தொல்லியல் மாநாடுகளில் அமர்வு (ஒரே பொருளில் பலர் கட்டுரை வாசிக்கும் பகுதி) நடத்துவது, கட்டுரை வாசிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில் எழுதுகிறேன். நான் பானை ஓடுகளை ஆராய்பவள். பேச்சாளராக, அமைப்பாளராக, சில முறை வெறும் பார்வையாளராக இந்த அரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: மேடம், நான் முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டு மாணவி. ஐரோப்பிய மாநாடு ஒன்றில் கட்டுரை வாசிக்க நினைத்திருந்தேன். என் நெறியாளர், "கட்டுரையோடு நிற்காதே, ஓர் அமர்வையே நடத்து" என்கிறார். இது என் சக்திக்கு மிஞ்சிய வேலையா?

பதில்: சக்திக்கு மிஞ்சியது இல்லை. ஆனால் தனியாளாகச் செய்கிற வேலையும் இல்லை. ஐரோப்பியத் தொல்லியலாளர் சங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் தொடங்கிய சங்கம். ஆண்டு மாநாடு ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ நடக்கும். அங்கே அமர்வு கேட்டு விண்ணப்பிக்கிற அமைப்பாளர்கள் குறைந்தது இரண்டு நாட்டுக்காரர்களாக இருக்க வேண்டும். அந்த விதி உங்களுக்குத்தான் சாதகம். இந்தத் துறையில் பத்திருபது ஆண்டு அனுபவம் உள்ள ஒருவருக்கு எழுதுங்கள். நீங்கள் படித்து மாறுபட்ட கருத்து கொண்ட கட்டுரையை எழுதியவராக அவர் இருந்தால் இன்னும் நல்லது. என் முதல் அமர்வின் துணை அமைப்பாளர் அப்படிக் கிடைத்தவர்தான். மூன்று பத்தி மின்னஞ்சல்; அதில் ஒரு பத்தி முழுக்க அவரோடு நான் ஒத்துப்போகாத இடம். இரண்டே நாளில் பதில் போட்டார்.

காலக்கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். செப்டம்பர் மாநாட்டுக்கான அமர்வு அழைப்பு முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே வந்துவிடும். அறிவியல் குழு அமர்வுகளைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் கட்டுரைச் சுருக்கங்களைக் கேட்பார்கள். அந்தக் கெடு குளிர்காலம் முடிவதற்குள் வந்துவிடும். ஆகவே ஏறக்குறைய ஓராண்டு இந்த வேலை உங்கள் கூடவே இருக்கும்.

இதையெல்லாம்விடப் பெரியது நீங்கள் எதைக் கேட்கப்போகிறீர்கள் என்பது. என் முதல் அமர்வுக்கு 'மட்பாண்டமும் சமூகமும்' என்று தலைப்பு வைத்தேன். 26 சுருக்கங்கள் வந்து குவிந்தன. சந்தோஷத்தில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொண்டேன். ஒருவர் ரோமானியர்களின் எண்ணெய்ச் சாடிகளைப் பற்றிப் பேசினார், அடுத்தவர் ஈமத்தாழிகளைப் பற்றி, அதற்கடுத்தவர் கண்ணாடிப் பூச்சில் உள்ள ஈயத்தைப் பற்றி. ஒவ்வொன்றும் நல்ல கட்டுரை. ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் தொடவே இல்லை. நாள் முடிவில் எல்லோரும் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது முறை ஒரு கேள்வியை வைத்தேன்: சக்கரம் வந்த பிறகும் மக்கள் கையால் பானை செய்வதை ஏன் விடவில்லை? 11 சுருக்கங்கள்தான் வந்தன. அந்த 11 பேரும் நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். களிமண் திரிகளை அடுக்கிக் கையால் எழுப்பிவிட்டு, பிறகு சக்கரத்தில் வைத்துச் சீர்செய்த பானையை முழுக்கச் சக்கரத்தில் செய்ததாகவே பல காலம் எண்ணிவந்திருக்கிறோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் களிமண்ணுக்குள் இருக்கும் நுண்துளைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பது தெரியும். அது பானை எழும்பிய விதத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒருவர் அந்தப் படத்தைக் காட்டியதும், காலையில் பேசி முடித்த இன்னொருவர் எழுந்து, "அப்படியென்றால் என் வகைப்பாட்டில் பாதியை நான் திரும்பப் பார்க்க வேண்டும்" என்றார். அமர்வு நடத்துவதே இதற்காகத்தான் என்று அன்று எனக்குப் பட்டது.

ஆகவே விண்ணப்பத்தில் காலத்தையும் இடத்தையும் மட்டும் எழுதாமல், எந்த விஷயத்தில் ஆய்வாளர்கள் இன்னும் பிரிந்து நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். வருவார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த மூன்று நான்கு பேரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மீதி இடங்களைத் திறந்தே விடுங்கள். எல்லா நாற்காலியையும் நண்பர்களுக்கே ஒதுக்கிவிட்டால், உங்களுக்கு முகம் தெரியாத இளைய ஆய்வாளர் ஒருவர் வாசலிலேயே நின்றுவிடுவார். அவரிடம்தான் புதிய தரவு இருக்கும் என்பது என் அனுபவம்.

கேள்வி: எத்தனையோ மாநாடுகளின் பெயர்கள் காதில் விழுகின்றன. முதல் முறை போகிறவர் எதற்குப் போவது?

பதில்: உங்கள் கேள்வி எங்கே விவாதிக்கப்படுகிறதோ அங்கே. அகழாய்வுத் தரவைக் கணினியில் கையாள்கிறீர்கள் என்றால், 1973இல் பர்மிங்காமில் சிறிய கூட்டமாகத் தொடங்கி இன்று உலகெங்கும் நடக்கிற கணினிப் பயன்பாட்டு மாநாடு உண்டு, துறைக்காரர்கள் சி.ஏ.ஏ. என்பார்கள். கோட்பாட்டில் ஆர்வம் இருந்தால் டிசம்பரில் பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் மாறி மாறி நடக்கிற 'டாக்' கூட்டம், அதாவது கோட்பாட்டுத் தொல்லியல் குழுவின் மாநாடு. மாணவர்களுக்கு அவ்வளவு இடம் தருகிற வேறொன்றை நான் பார்த்ததில்லை. தென்கிழக்கு ஆசியா, பசிபிக் பகுதி என்றால் இந்தோ-பசிபிக் தொல்வரலாற்றுச் சங்கம்: ஹனோய் 2009, சியெம் ரீப் 2014, ஹுவே 2018, சியாங் மாய் 2022 என்று அதன் மாநாடுகள் நடந்திருக்கின்றன. அமெரிக்கக் கண்டங்களின் தொல்லியலுக்கு, 1934இல் பிறந்த அமெரிக்கத் தொல்லியல் சங்கத்தின் வசந்தகால மாநாடு.

எனக்கு நெருக்கமானது உலகத் தொல்லியல் பேரவை. அது பிறந்த கதையை ஒவ்வொரு மாணவருக்கும் சொல்கிறேன். 1986இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில், பழைய பன்னாட்டுத் தொல்வரலாற்று ஒன்றியத்தின் மாநாடாக நடக்க வேண்டிய கூட்டம் அது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி. அங்கிருந்து வருபவர்களைச் சேர்ப்பதில்லை என்று ஏற்பாட்டாளர்கள் முடிவெடுத்தார்கள். கல்விச் சுதந்திரம் போகிறது என்று ஒரு தரப்பு எதிர்த்தது. ஒன்றியமும் தன் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. ஏற்பாட்டை முன்னின்று நடத்திய தொல்லியலாளர் பீட்டர் உக்கோவும் அவரோடு நின்றவர்களும் பின்வாங்காமல் கூட்டத்தை நடத்தினார்கள். அதிலிருந்துதான் பேரவை உருவானது. தோண்டப்படும் நிலத்தில் வாழ்கிற மக்களுக்கும், பழங்குடிகளுக்கும் அந்த மேடையில் இடம் உண்டு என்று அது சொன்னது. அதே தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 1999இல் அதன் நான்காவது மாநாடு நடந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும். கியோட்டோ 2016, பிராக் 2022, டார்வின் 2025 என்று அது தொடர்கிறது. சில ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும் என்பதால் முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

கேள்வி: "உங்கள் மகத்தான ஆய்வைக் கண்டு வியந்தோம், முதன்மைப் பேச்சாளராக வாருங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. போகலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் படித்தேன். தொல்லியல், பல் மருத்துவம், வங்கியியல் மூன்றுக்கும் ஒரே மாநாடு. சுருக்கம் அனுப்பினால் மறுநாளே ஏற்பு என்கிறார்கள். சென்ற மாநாட்டின் நிகழ்ச்சி நிரல் கேட்டதற்குப் பதிலே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பணத்துக்காக மட்டும் நடத்தப்படுகிற கூட்டம் இது. ஒரு மாநாட்டைச் சரிபார்க்க ஒரு வழி: நீங்கள் மேற்கோள் காட்டுகிற ஆய்வாளர்களில் யாராவது போன முறை அங்கே பேசியிருக்கிறாரா என்று பாருங்கள். ஒருவர்கூட இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். விசாவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அமர்வு அமைப்பாளர் கடிதம் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. அமைப்பாளரின் மின்னஞ்சலைத் தூதரகம் கணக்கில் கொள்ளாது. மாநாட்டுச் செயலகம் தருகிற அழைப்புக் கடிதம் வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், மாநாட்டுத் தேதிகள், கட்டுரைத் தலைப்பு, செலவை ஏற்பது யார் என்பவை அதில் இருக்க வேண்டும். முதலெழுத்து விரிவில் ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள்.

ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) என்றால் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கு முன்பாகவாவது கொடுத்தாக வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை போகும். ஆகவே அந்தக் கடைசிக் கெடுவை நம்பி உட்காராதீர்கள். கட்டுரை ஏற்கப்பட்ட வாரமே அழைப்புக் கடிதம் கேளுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும் இருக்க வேண்டும். மாநாடு ஒரு நாட்டில், பிறகு அருங்காட்சியகம் பார்க்க இன்னொரு நாட்டில் என்றால், அதிக நாள் தங்குகிற நாட்டிடம் விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணம் குறித்த படிவத்தை அவர்கள் தந்தாக வேண்டும். மேல்முறையீடு செய்யும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

அமைப்பாளர்களுக்கும் இதில் ஒரு சொல். என் அமர்வில் பேச வேண்டிய ஓர் ஆய்வாளருக்கு மாநாட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது விசா மறுக்கப்பட்டது. பானை வனைபவர்களோடு இரண்டு ஆண்டு தங்கி, அவர்கள் கை போகிற போக்கைப் படம்பிடித்தவர். அவர் அழுததைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கிறேன். அதன் பிறகு ஒவ்வொரு பேச்சாளரிடமும், விசா வேண்டியவரோ வேண்டாதவரோ, மாநாட்டுக்கு மூன்று வாரம் முன்பே 15 நிமிட ஒளிப்பதிவு ஒன்றை வாங்கி வைக்கிறேன். விசா வேண்டியவர்களிடம் மட்டும் கேட்டால் அது அவர்களைத் தனியே நிறுத்துவதாகிவிடும். அந்த ஆண்டு அவர் அவசரமாக அனுப்பிய பதிவை, அவர் அனுமதியோடு அரங்கில் ஓட்டினோம். கேள்வி நேரத்தில் என் போனை மைக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டேன். அன்று அதிகக் கேள்விகள் அவருக்குத்தான் வந்தன.

கேள்வி: நாங்கள் கண்டெடுத்த ஓடு ஒன்றை நேரில் காட்டினால் நம்புவார்கள். சின்னத் துண்டுதான், பையில் போட்டு எடுத்துப் போகலாமா?

பதில்: கூடவே கூடாது. நகம் அளவு துண்டாக இருந்தாலும் கூடாது. தொல்பொருள்கள் சட்டத்துக்குப் புறம்பாக எல்லை தாண்டுவதைத் தடுக்கத்தான் யுனெஸ்கோவின் 1970ஆம் ஆண்டு உடன்படிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல், 250 ஆண்டைத் தாண்டிய அகழாய்வுப் பொருளை உள்ளே கொண்டுவருவதற்குப் பொதுவாக இறக்குமதி உரிமமே கேட்கிறார்கள். ஆய்வுக்காகக் கொண்டுபோக வேண்டியிருந்தால் அதற்கு உரிய அரசு அனுமதியும் ஆவணங்களும் தனி. மாநாட்டில் காட்டுவதற்காக யாரும் அந்த வழியில் போக வேண்டியதில்லை. மண் மாதிரியும் வேண்டாம். தாவர நோய்த் தடுப்புச் சட்டங்களின்படி பல நாடுகள் மண்ணை உள்ளே விடுவதில்லை.

ஓட்டைச் சுற்றிச் சுற்றி நூறு படங்கள் எடுத்து, முப்பரிமாண மாதிரி செய்து அச்சிட்டு எடுத்துப் போங்கள். நான் அப்படித்தான் ஒரு விளிம்புத் துண்டைக் கொண்டுபோனேன். பிளாஸ்டிக்கில், அடர் மஞ்சள் நிறத்தில். அசலின் நிறத்தில் அச்சிட வேண்டாம் என்பது என் எண்ணம். சுங்கத்தில் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம். வரிசையில் இருந்தவர்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் உள்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து, "இதோ, இங்கே அழுத்தியிருக்கிறார்" என்றார். படத்தில் அது எனக்கே தெரிந்ததில்லை.

கேள்வி: இன்னும் வெளியிடாத அகழாய்வு முடிவுகளைச் சொல்லலாமா? யாராவது படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால்?

பதில்: அந்தத் தரவு உங்களுடையதா என்று முதலில் பாருங்கள். அகழாய்வு இயக்குநர், உரிமம் கொடுத்த அரசுத் துறை, ஆய்வகத்தில் அளவெடுத்தவர், வரைபடம் போட்டவர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. சுருக்கம் அனுப்பும் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். இணை ஆசிரியர் பெயர்களின் வரிசையையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். மாநாட்டு நிரல் அச்சான பிறகு தன் பெயர் விடுபட்டதைப் பார்த்த ஒரு வரைகலைஞரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தவறு என்னுடையதுதான். மன்னிப்புக் கேட்டேன், நிரலை அடுத்த பதிப்பில் திருத்தவும் வைத்தேன்.

படம் எடுக்கக் கூடாது என்ற ஸ்லைடில் கேமராவைக் குறுக்கே கோடிட்ட சின்ன அடையாளம் போடுங்கள், வாயாலும் சொல்லுங்கள். பெரும்பாலோர் மதிப்பார்கள். ஆனால் வெளியே போனால் தாங்க முடியாது என்று நீங்கள் நினைக்கிற தரவை ஸ்லைடில் போடவே போடாதீர்கள். இடத்தின் துல்லியமான ஆயத்தொலைவுகளும் அந்த வகைதான். புதையல் தேடிகள் நம் ஆய்வுச் சுருக்கங்களைப் படிக்கிறார்கள். காவல் இல்லாத இடம் என்றால் வரைபடத்தின் அளவைச் சிறிதாக்கி, புள்ளியைப் பெரிதாக்கிவிடுங்கள்.

மனித எலும்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1989இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் வெர்மில்லியன் என்ற ஊரில், இறந்தவரின் உடலுக்கும் அவர் விருப்பத்துக்கும் அவர் சமூகத்தின் விருப்பத்துக்கும் மதிப்பு தர வேண்டும் என்று உலகத் தொல்லியல் பேரவை ஓர் ஒப்பந்தத்தை ஏற்றது. ஆய்வின் மதிப்பையும் அது மறுக்கவில்லை. பேசி உடன்பாட்டுக்கு வரச் சொன்னது. மண்டையோட்டுப் படத்தை முதல் ஸ்லைடில் அழகுக்காகப் போடுவதை நான் ஏற்கவே மாட்டேன். வாதத்துக்கு அது தேவை என்றால் போடுங்கள், போடும் முன் அரங்கிடம் சொல்லுங்கள். கோட்டோவியமே போதும் என்றால் கோட்டோவியம் போடுங்கள்.

கேள்வி: என் ஆங்கிலம் தடுமாறும். எழுதி வைத்துப் படித்தால் கேவலமாக நினைப்பார்களா? கேள்வி புரியாவிட்டால் என்ன செய்வது?

பதில்: எழுதி வைத்துப் படியுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அந்த அரங்கில் உள்ள பெரும்பாலோருக்கும் ஆங்கிலம் இரண்டாவது அல்லது மூன்றாவது மொழி. எழுதாமல் பேசப்போய் முதல் ஐந்து நிமிடத்தை இடத்தின் புவியியலிலேயே செலவழித்துவிட்டு, முடிவைச் சொல்ல நேரமில்லாமல் இறங்குகிறவர்கள்தான் வருத்தம் தருகிறார்கள். நிமிடத்துக்கு 100 ஆங்கிலச் சொற்கள் என்றால் 15 நிமிடத்துக்கு 1500. நான் 1300இல் நிறுத்திக்கொள்வேன். சத்தமாக, நின்றுகொண்டு, கடிகாரம் வைத்து நான்கு முறை படித்துப் பாருங்கள். நாக்கில் சிக்குகிற சொல்லை மாற்றிவிடுங்கள்.

உங்கள் முடிவை இரண்டாவது நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். மீதி நேரம் அதற்கான சான்று. வரைபடத்தில் அளவுகோலும் வடக்குக் குறியும் இருக்கட்டும். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிர் நிறமாக வைக்காதீர்கள்; அவற்றைப் பிரித்தறிய முடியாதவர் ஒருவராவது எந்த அரங்கிலும் இருப்பார். ரேடியோ கார்பன் காலம் சொன்னால் ஆய்வக எண், பிழை வரம்போடு கூடிய மூல அளவு, எந்த அளவீட்டு வளைவால் திருத்தினீர்கள் என்ற மூன்றும் வேண்டும். வடகோளத்துக்கு இப்போது இன்ட்கால்20, தென்கோளத்துக்கு எஸ்எச்கால்20. 'பி.பி.' (இன்றைக்கு இத்தனை ஆண்டு முன்) என்று எழுதும்போது அதன் பூஜ்யம் 1950ஆம் ஆண்டு என்பதை நினைவில் வையுங்கள். இதில் குழம்பிவிட்டு எழுகிற கேள்விகளிலேயே பலரின் கேள்வி நேரம் கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி புரியவில்லை என்றால் "வேறு சொற்களில் சொல்ல முடியுமா" என்று கேளுங்கள். அப்போதும் புரியாவிட்டால் அமர்வுத் தலைவரைப் பாருங்கள். பேச்சாளர் பார்க்காமலே அவர் உதவியிருக்க வேண்டும். நான் தலைமை வகிக்கும்போது ஒவ்வொரு கேள்வியையும் சுருக்கி, மெதுவாக ஒரு முறை திருப்பிச் சொல்வேன். கேட்டவருக்கே தன் கேள்வி அப்போதுதான் தெளிவாகும். விடை தெரியாவிட்டால், "அதை நான் இன்னும் பார்க்கவில்லை, பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் தேடிப் போய்ப் பேசுங்கள்.

கேள்வி: அமர்வுத் தலைவராக முதன்முறை உட்காரப்போகிறேன். மூத்த பேராசிரியர் நேரம் தாண்டினால் எப்படி நிறுத்துவது?

பதில்: நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஏன் என்று என் கதையைச் சொல்கிறேன். நான் வெளிநாட்டில் வாசித்த முதல் கட்டுரை, ஒரு மாலை அமர்வின் கடைசிக் கட்டுரை. எனக்கு முன்னால் பேசிய ஆறு பேரும் தலைக்கு ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் என்று கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். தலைவர் புன்னகைத்தபடியே இருந்தார். என் முறை வந்தபோது அரங்கை ஒப்படைக்க நான்கு நிமிடம் இருந்தது. நான்கு வருட உழைப்பு அது. தலைப்பு, வரைபடம், நன்றி ஆகிய மூன்று ஸ்லைடுகளைக் காட்டிவிட்டு இறங்கினேன். கதவருகே அடுத்த நிகழ்ச்சிக்கான ஆட்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

யாரும் என்னிடம் கடுமையாக நடக்கவில்லை. ஒவ்வொருவரும் இன்னொருவரிடம் மரியாதையாக நடந்துகொண்டதன் விலையைக் கடைசி ஆள் கொடுக்க வேண்டியதாயிற்று. கடைசி ஆள் பெரும்பாலும் இளையவராக இருப்பார், தூரத்திலிருந்து வந்தவராக இருப்பார்.

அதனால் மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் ஒரே கடிதம் எழுதுவேன்: 15 நிமிடத்தில் மைக்கை வாங்கிக்கொள்வேன், எல்லோருக்கும் இதே விதி. அரங்கில் மூன்று அட்டைகள் வைத்திருப்பேன். 5, 1, பிறகு வெறும் சிவப்பு. சிவப்பு அட்டை எழுந்த அடுத்த வாக்கியத்தின் முடிவில் நானும் எழுந்து மேடையருகே போய் நிற்பேன். எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ஆள் பக்கத்தில் வந்து நின்றால் முடித்துவிடுவார்கள். "ஐயா, நீங்கள் சொன்ன கடைசிப் புள்ளியைக் கலந்துரையாடலில் முதலில் எடுப்போம்" என்று சொல்லி, அதை எடுக்கவும் செய்யுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் மனத்தாங்கல் வராது.

பேசுபவர் ஒருவர் வராவிட்டால் அடுத்தவரை முன்னே இழுக்காதீர்கள். அச்சிட்ட நேரத்தைப் பார்த்துப் பக்கத்து அரங்கிலிருந்து ஓடி வருகிறவர்கள் இருப்பார்கள். அந்த இடைவெளியைக் கேள்விகளுக்குக் கொடுங்கள். அரை நாள் அமர்வில் கடைசி 30 நிமிடத்தைக் கலந்துரையாடலுக்கென்று விண்ணப்பத்திலேயே பூட்டி வைத்துவிடுங்கள். இன்னும் ஒரு கட்டுரையைச் சேர்க்கச் சொல்லி உங்களைக் கெஞ்சுவார்கள். சேர்க்காதீர்கள், அதற்குச் சுவரொட்டி வடிவம் இருக்கிறது. ஏ0 அளவு, அதாவது 841க்கு 1189 மில்லிமீட்டர். துணியில் அச்சடித்தால் மடித்துப் பெட்டியில் வைக்கலாம்.

கேள்வி: எங்கள் அரங்கில் பேச்சாளர்களைத் தவிர நாலே பேர்தான் இருந்தார்கள். மனம் உடைந்துவிட்டது.

பதில்: ஒரே நேரத்தில் முப்பது நாற்பது அரங்குகள் நடக்கிற மாநாட்டில் அது சகஜம். அந்த நான்கு பேர் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு உங்களிடம் வந்தவர்கள். அவர்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டீர்களா? இல்லையென்றால் அடுத்த முறை, ஆட்கள் குறைவாக இருந்தால் மேடையை விட்டு இறங்கி நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். நான் ஒரு முறை அப்படிச் செய்தேன். ஒன்பது பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்தோம். அன்று பேசியவற்றிலிருந்து பிறந்த ஆய்வுத் திட்டத்தில்தான் இன்றுவரை வேலை செய்துகொண்டிருக்கிறேன்.

கேள்வி: அமர்வு நன்றாக முடிந்தது. கட்டுரைகளைத் தொகுப்பாக்கலாமா?

பதில்: பேச்சாளர்கள் ஊர் திரும்பும் முன் கேளுங்கள். கலந்துரையாடலின் கடைசி ஐந்து நிமிடத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. யார் எழுதுகிறார்கள், எந்த மாதத்துக்குள், தனி நூலா, ஆய்விதழின் சிறப்பிதழா என்ற மூன்றுக்கும் அங்கேயே விடை வேண்டும். ஆறு மாதம் கழித்து மின்னஞ்சல் அனுப்பினால் பாதிப் பேர் அடுத்த குழிக்குள் இறங்கியிருப்பார்கள். திரும்பி வந்த வாரத்திலேயே, யார் யாரோடு எந்த இடத்தில் மாறுபட்டார் என்று இரண்டு பக்கம் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். முன்னுரையின் முக்கால் பகுதி அதுதான். சக மதிப்பீட்டுக்கு அமர்வுக்கு வெளியே உள்ளவர்களைக் கேளுங்கள். ஒருவருக்கொருவர் மதிப்பிட்டுக்கொள்வதை நல்ல பதிப்பாளர்கள் ஏற்பதில்லை.

என் 11 பேரில் ஏழு பேர்தான் எழுதிக் கொடுத்தார்கள். தொகுப்பு வெளிவர மூன்று ஆண்டாயிற்று. முதலில் வந்து சேர்ந்த கட்டுரை, விசா கிடைக்காமல் போனில் பதில் சொன்னவருடையது. அரங்கில் கேட்ட கேள்விகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் புதிய படங்களோடு விடை சொல்லியிருந்தார். புத்தகத்தில் அதையே முதல் இயலாக வைத்தேன்.